கிரீஸ் டப்பாவுக்குள் ஆறு போல்ட்

கல்யாண வீட்டு வாசலில் எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நான் அவர் வந்து இறங்கிய காருக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருப்பேன். பட்டுக்கரை வேட்டி மண்ணில் புரளும். உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணத்தில் என் மனைவி வந்து தோளைத் தட்டினாள்.

"அங்கன என்னத்தத் தொலச்சீக?"

"ஆக்சில் பாக்குறேன்."

"பாத்தாச்சுல்ல, எந்திரிங்க. பொண்ணு வீட்டுக்காரக நம்மளயே பாக்குறாக. டயரக் கழட்ட வந்தவுகன்னு நெனச்சுக்கிறப் போறாக."

கம்பத்தில் ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரில் பழைய வண்டிச் சாமான் கடை வைத்திருந்தவனுக்கு இந்தப் புத்தி வந்ததில் ஆச்சரியமில்லை. வண்டியின் முன்பக்கம் பொய் சொல்லும். பானெட்டை மாற்றலாம், விளக்கை மாற்றலாம், நல்ல பட்டறையில் விட்டால் கிழட்டு வண்டிக்கும் புதுமுகம் வைத்துவிடுவார்கள். பின் ஆக்சிலுக்கு யாரும் பவுடர் பூசுவதில்லை. அது பிறந்த மாதிரியே கிடக்கும். அம்பாசடர் என்றால் பின்னாலிருந்து பார்க்கும்போது நடுவில் சட்டியைக் கவிழ்த்த மாதிரி மொழுமொழுவென்று இருக்கும். ஜீப் என்றால் அந்த இடத்தில் சுற்றிலும் போல்ட் போட்ட மூடி ஒன்று இருக்கும். இதுவரைக்கும் யாரும் சொல்லிவிடலாம். என் பெருமை இதற்கு அடுத்த படியில் இருந்தது.

ஜீப்பில் பின் சக்கரத்தின் நடுமத்தியைப் பார்க்க வேண்டும். அங்கே தகர மூடிக்கு அடியில் ஒரே ஒரு பெரிய நட்டு இருந்தால் அது பிற்காலத்து வண்டி. சக்கரம் ஆக்சிலுக்குள் சுற்றுகிற ஷாஃப்டிலேயே மாட்டியிருக்கிறது, பாரமும் ஷாஃப்ட் மேல்தான். ஷாஃப்ட் ஒடிந்தால் சக்கரம் நம்மை முந்திக்கொண்டு தனியாக ஊர் போய்ச் சேரும். நடுமத்தி கொஞ்சம் துருத்திக்கொண்டு, வட்டமாக ஆறு போல்ட் இருந்தால் அது யுத்த காலத்துப் பட்டாள ஜீப். அதில் பாரத்தை ஷாஃப்டைச் சுற்றியுள்ள வெளிக்குழாய் தாங்கிக்கொள்ளும். ஷாஃப்டுக்குச் சுற்றுகிற வேலை மட்டும்தான். ஒடிந்தால் வண்டி நிற்கும், சக்கரம் போகாது.

எங்கள் ஸ்டாண்டில் நின்ற ஜீப்புகளில் ஒன்றைத் தவிர எல்லாமே ஒற்றை நட்டு. அந்த ஒன்று என் நண்பன் ஓட்டியது.

அவனுக்கு ஊர் காமயகவுண்டன்பட்டி. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஜீப் அவன் அப்பா விட்டுப்போனது. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது. அண்ணன் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார், இவன் ஜீப்பைப் பார்த்துக்கொண்டான். காலையில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு வழியாக மேலே போவான், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவான். வண்டியில் எஞ்சின் மாறிவிட்டது, பாடி மாறிவிட்டது, முன் சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டைக் கழற்றி எறிந்து வருஷங்கள் ஆகிவிட்டன. சேஸிஸும் பின் ஆக்சிலும் மட்டும் பட்டாளத்தில் இருந்தபடியே இருந்தன.

இரண்டாயிரத்து மூன்று, நாலு வாக்கில் என்று நினைக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்கு வந்தான். உட்காரவில்லை.

"மாப்ள, அண்ணன் ஒரு கோட்டயத்துக்காரரக் கூட்டியாறாக. பழைய ஜீப்பாச் சேக்குறவராம். பட்டாள ஜீப்பா இருந்தாத்தான் வாங்குவாராம்."

"ஒன்னது பட்டாள ஜீப்புதானடா."

"அதத்தான் நீ சொல்லக் கூடாது."

அவன் அண்ணன் திராட்சைக்குக் கல்லுக்கால் ஊன்றிப் பந்தல் போட ஆசைப்பட்டார். ஜீப்பை விற்றால் பந்தல் வந்துவிடும். ஆனால் ஜீப் போனால் ஸ்டாண்டில் நண்பனின் முறையும் போய்விடும். எங்கள் ஸ்டாண்டில் முறை வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை. வண்டி இல்லாதவன் இடத்தில் மறு வாரமே இன்னொருத்தன் நின்றுவிடுவான். அப்புறம் இவன் அடுத்தவன் வண்டிக்குக் கூலி டிரைவராகப் போக வேண்டும், இல்லையென்றால் அண்ணன் பந்தலுக்குக் கீழே களை பறிக்க வேண்டும். அவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"அவுக ஒன்னயத்தான் கூப்பிட்டுக் கேக்கப் போறாக. ஆக்சிலப் பத்திக் கம்பத்துல யாரக் கேட்டாலும் ஓன் கடையத்தான் காட்டுவாக. பின்னாடி மாத்திட்டாக, ஒரிஜினல் இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லு. ஆளு போயிருவாரு."

"ஒரு வார்த்தயா? ஒம்பது வார்த்த சொல்றேன்டா."

"ஒன்னு போதும் மாப்ள. நீ ரெண்டாவது வார்த்தைக்குப் போவியோன்னுதான் எனக்குப் பயம்."

சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். கொடுத்ததோடு நிற்கவில்லை. எனக்குக் குறும்பு வேலை என்றால் சோறு வேண்டாம். காலி கிரீஸ் டப்பா இரண்டை எடுத்து அடிப்பாகத்தை மட்டும் வெட்டினேன். பின் சக்கரங்களின் நடுவில் துருத்திக்கொண்டிருந்த ஆறு போல்ட்டுக்கு மேலே அவற்றை அழுத்தி மாட்டி, செம்மண்ணைக் குழைத்து அப்பினேன். காய்ந்த பிறகு பார்த்தால் ஒற்றை நட்டு ஜீப்பின் மூடி மாதிரியே இருந்தது. நண்பன் சுற்றிச்சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நீ திருடனாப் போயிருக்க வேண்டிய ஆளுடா" என்றான். அன்றுவரை கிடைத்த பட்டங்களிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

கோட்டயத்துக்காரர் என் கடை வாசலுக்கு வந்தார். நல்ல கனத்த சரீரம், முட்டி மடங்காது. வண்டிக்குக் கீழே குனிவது அவரால் ஆகாத காரியம் என்று பார்த்ததுமே தெரிந்தது. நண்பனின் அண்ணன் என்னைக் கைகாட்டி, "இவன் பாத்தாப் போதும், பொய் சொல்ல மாட்டான்" என்றார். கூசத்தான் செய்தது. ஆனாலும் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனேன். உடனே வெளியே வந்தால் நம்ப மாட்டார்கள் என்று கொஞ்ச நேரம் மல்லாந்து கிடந்தேன். ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டினேன். இரண்டு தரம் 'ம்ஹூம்' என்றேன். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "மாத்திட்டாக சேட்டா. ஒத்த நட்டு" என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. அண்ணன் முகமும் விழுந்தது. நண்பன் மட்டும் அவர்களுக்குப் பின்னால் நின்று, மலையை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். கோட்டயத்துக்காரர் போய்த் தன் கார்க் கதவைத் திறந்துவிட்டார். ஏறி உட்காருவதற்கு முன்னால், என் மனசு நோகக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பி, பரவாயில்லை என்று நல்லதனமாகச் சொன்னார்.

"சாரமில்ல அண்ணாச்சி. நான் தேடுற ஆறு போல்ட்டு கிடைக்காதுன்னு எங்க மேஸ்திரி அப்பவே பறஞ்ஞு. யுத்தத்து வண்டியானாலும் பின்னாடி ஒரு நட்டுதானாம். ஆறு போல்ட்டு முன் சக்கரத்துக்கு மட்டுந்தான் வருமாம். பின்னாடி ஆறு போல்ட்டுன்னு ஒன்னு இல்லவே இல்லையாம்."

"ஆரு சொன்னது?" என்றேன்.

"எங்க மேஸ்திரி. முப்பது வருஷ சர்வீஸு."

"முப்பது வருஷமா முன் சக்கரத்தவே பாத்துக்கிட்டு இருந்தாராக்கும்?"

நண்பன் இருமினான். அவனுக்கு இருமல் கிருமல் எதுவும் கிடையாது. அது எனக்கான இருமல். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அண்ணன்கூட, "விடப்பா, அவுக போகட்டும்" என்றார்.

"இல்லண்ணே, இது தப்பான தகவல். இப்பிடித்தான் ஊர் பூராப் பரவுது."

சொல்லிக்கொண்டே ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். நான் மாட்டிய டப்பாவை நானே நெம்பினேன். அது கிணீரென்று தெறித்து விழுந்து ரோட்டில் உருண்டு போனது. உள்ளே ஆறு போல்ட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"பாருங்க! இது என்ன? எண்ணிப் பாருங்க!"

அவர் ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு, மடங்காத முட்டியை மடக்கி, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஒந்நு. ரண்டு. மூந்நு. நாலு வரைக்கும் எனக்குப் பெருமையாக இருந்தது. அஞ்சில் லேசாக வியர்த்தது. ஆறில்தான் நண்பன் பக்கத்தில் நிற்பது ஞாபகம் வந்தது.

அதற்கப்புறம் நான் பண்ணிய கூத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. "இது... இது ஒட்ட வச்சது சேட்டா. அழகுக்கு" என்றேன்.

"அழகுக்கா?" என்றார் அண்ணன். "அப்பறம் ஏன்டா டப்பாவப் போட்டு மூடி வச்ச?"

"மழைக்கு."

"மழ பேஞ்சு மூணு மாசமாச்சுடா."

கோட்டயத்துக்காரர் எதையும் கேட்கிற நிலையில் இல்லை. போல்ட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். அங்கேயே அச்சாரம் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை லாரியோடு வருவதாகச் சொல்லிவிட்டுக் குமுளிக்குப் போனார். நண்பன் ரோட்டில் கிடந்த டப்பாவை எடுத்து, மண்ணைக் கைலியில் துடைத்து, என் கடைப் படியில் வைத்தான்.

"ஓன் டப்பா. வச்சுக்க."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். எனக்கு அது வரும். டப்பாவைக் கல்லாப் பெட்டிக்கு அடியில் தள்ளினேன்.

அன்றைக்கே கடையைப் பூட்டிவிட்டுக் கோம்பைக்குப் பஸ் ஏறினேன். அங்கே என் மனைவியின் அக்கா வீடு. நாய்க்குப் பேர்போன ஊர் என்பதால் நாய்க்குட்டி வாங்க வந்ததாகச் சொன்னேன். சகலை என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாயக் கண்டா நாலு வீடு தள்ளி நடக்குற ஆளு நீங்க. ஒங்களுக்கு எதுக்கு நாய்க்குட்டி?" என்றார். "பாதுகாப்புக்கு" என்றேன். "யார்ட்ட இருந்து?" என்று கேட்டார். நல்ல கேள்வி. நண்பன் கட்டையைத் தூக்கிக்கொண்டு வருவான் என்று நினைத்து வாசலில் பைக் சத்தம் கேட்டபோதெல்லாம் கொல்லைப் பக்கம் போய் நின்றேன். எல்லா பைக்கும் வேறு வீட்டுக்குப் போயின. அவன் வரவே மாட்டான் என்பது மெதுவாகத்தான் புரிந்தது. அவன் என்னைத் தேடவே இல்லை. வழக்கம்போலக் காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு மேலே போயிருப்பான், ஞாயிறு வரைக்கும்தானே என்று.

மறுநாள் குமுளிக்குக் கிளம்பினேன். பஸ் கம்பத்தில் எங்கள் ஜீப் ஸ்டாண்டைத் தாண்டும்போது சீட்டுக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மா, "என்னய்யா, சில்லற விழுந்துருச்சா?" என்று தானும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார். கூடலூர் வரைக்கும் இரண்டு பேரும் தேடினோம்.

கோட்டயத்துக்காரர் லாட்ஜில் புட்டும் கடலையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உபசாரம் பலமாக இருந்தது. தன் வீட்டில் இருக்கிற பட்டாள ஜீப்பின் போட்டோவை எடுத்துக் காட்டினார். பளபளவென்று இருந்தது. என் கண் நேராகப் பின் சக்கரத்துக்குப் போனது. ஒற்றை நட்டு.

"அதானு சங்கடம்" என்றார். "எல்லாம் சரி. பின்னாடி மட்டும் சரியில்ல."

"சேட்டா, உங்களுக்கு வண்டி வேணுமா, ஆக்சில் வேணுமா?"

அவர் புட்டை வைத்துவிட்டு யோசித்தார். அந்த இடைவெளியில் நான் எல்லாவற்றையும் கொட்டினேன். டப்பா நான் வெட்டியது, மண் நான் அப்பியது, அந்த வண்டி போனால் ஸ்டாண்டில் ஒருத்தனுக்கு நிற்க இடம் இல்லை. 

"அந்த டிரைவர் அண்ணாச்சிக்கு யாரு?"

"கூட்டாளி."

"கூட்டாளிக்கு வேண்டிப் பொய் பறஞ்ஞு. எங்க மேஸ்திரியத் தோற்கடிக்க வேண்டி உண்மை பறஞ்ஞு." அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன், சிரிக்கிற இடத்தில் சிரிக்காவிட்டால் தப்பாக நினைப்பார் என்று.

ஞாயிற்றுக்கிழமை லாரி வந்தது, காலியாக இல்லை. அவருடைய ஒற்றை நட்டு ஆக்சில் அதில் கிடந்தது. அதைக் கொடுத்து ஆறு போல்ட் ஆக்சிலை எடுத்துக்கொள்வது, மேற்கொண்டு அண்ணனுக்கு ஒரு தொகை. அண்ணன் முணுமுணுத்தார். பந்தல் பாதித் தோட்டத்துக்குத்தான் வரும் என்றார். ஆனாலும் வெறும் இரும்புக்கு இவ்வளவு கொடுக்கிற மனுஷனை விட அவருக்கு மனசில்லை.

என் கடைக்குப் பின்னால்தான் வண்டியைத் தூக்கி நிறுத்திப் பிரித்தோம், நானும் நண்பனும். அவன் என்னோடு பேசியது ஸ்பேனர் நம்பர் மட்டும்.

"பத்தொம்பது."

கொடுத்தேன்.

"புடி."

பிடித்தேன்.

"அங்கன இல்ல. இங்கன."

பழைய ஆக்சிலை லாரியில் ஏற்றும்போது அவன் அதன் மேல் கை வைத்துப் பார்த்தான். நான் மலையைப் பார்த்தேன்.

மறுநாள் கம்பம் மெட்டு ஏறி இறங்கி வந்தவன் வண்டியை என் கடை வாசலிலேயே நிறுத்தினான். "மாப்ள!" என்றான். அத்தனை நாளுக்கு அப்புறம் அந்த வார்த்தை. "முன்ன ரெண்டாவது கியருக்கு மூக்கால அழுவா. இப்ப மூணாவதுல சும்மா இழுத்துக்கிட்டுப் போறாடா!" காரணம் எனக்குத் தெரியும். பிற்காலத்து ஆக்சிலில் பல்சக்கரக் கணக்கு வேறு, வேகம் குறையும், இழுவை கூடும். அவன் அன்றைக்கு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். மன்னிப்பு கேட்கலாம் என்று நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவன் இழுவையைப் பற்றியே பேசினான். டீ இனிக்கவில்லை.

ஏனென்றால் அன்றிலிருந்து எனக்கு இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. ஆறு போல்ட்டில் பத்திரமாகப் போய்க்கொண்டிருந்தவனை என் வாய் ஒற்றை நட்டுக்குக் கொண்டுவந்து விட்டதே. ஸ்டாண்டில் எல்லா வண்டியும் அந்த ஒற்றை நட்டில்தான் ஓடுகிறது, எந்தச் சக்கரமும் பறந்து போனதில்லை, கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நானே அப்படித்தான் தைரியம் சொல்வேன். எனக்கு யாரும் சொல்லவில்லை. காலையில் பெண்கள் ஏறுவதற்கு முன்னால் பெரிய ஸ்பேனரோடு போய்த் தகர மூடியைக் கழற்றி நட்டை அழுத்திப் பார்ப்பேன். இரண்டு பக்கமும். மழைக்காலத்தில் மறுபடியும் ஒரு தரம்.

தூக்குவாளியோடு நின்ற ஒரு பெண் கேட்டாள். "என்னண்ணே, தெனமும் வந்து விழுந்து கும்புடுறீக? சக்கரத்துல சாமி இருக்கா?"

"நட்டு பாக்குறேன்த்தா."

"எங்க மேல அம்புட்டுப் பாசமா?"

ஸ்டியரிங்கில் இருந்த நண்பன் திரும்பாமலேயே சொன்னான். "பாசமில்ல ஆத்தா. பயம்."

வண்டி மொத்தமும் சிரித்துக்கொண்டு மேலே போனது. நானும் சிரித்தேன். சாயங்காலம் அது திரும்பி வரும் வரைக்கும் கடையில் ஒரு சாமானும் உருப்படியாக எடுத்துக் கொடுக்கவில்லை.

அவன் முறை போகவில்லை. வண்டி போகவில்லை. என்னோடு பேச்சும் நிற்கவில்லை. ஆனால் 'ஒரு வார்த்த சொல்லு' என்று அவன் அதற்கப்புறம் என்னிடம் கேட்டதில்லை. வீட்டில் சொல்லாமல் ஆண்டிபட்டிக்கு யாரையோ பார்க்கப் போன அன்றைக்குக்கூட, "நான் தோட்டத்துல இருக்கேன்னு சொல்லிரு" என்று டீக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனான். நான் பக்கத்துப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவன் மகளைப் பெண் பார்க்க வந்த வருஷம். இரண்டாயிரத்துப் பத்துக்கு முன்னால்தான். முந்தின நாளே வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டேன். அவன் கடைக்கு வந்து கொஞ்ச நேரம் பழைய பேரிங்குகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு மாப்பிள்ள வீட்டுக்காரக வாராக, மாப்ள."

"தெரியும்டா. காலையிலயே வந்துர்றேன்."

"அதான் சொல்ல வந்தேன். அவுக ஆயிரம் கேப்பாக. படிப்பு, வயசு, அண்ணனுக்கும் எனக்கும் தோட்டத்துல உள்ள பாகம். சிலத நாங்க சுத்தி வளச்சுத்தான் சொல்லணும்." பேரிங்கை விரலில் சுற்றினான். "நீ சபையில உக்காராத."

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"அப்ப நான் எங்கன இருக்கது?"

"வண்டிக்கு அடியில இரு. நட்டு கிட்டு பாரு. அங்கன யாரும் ஒன்ட்டப் பேச மாட்டாக."

வெள்ளைச் சட்டை வேண்டியிருக்கவில்லை. காமயகவுண்டன்பட்டியில் அவன் வீட்டு வாசலில் நின்ற ஜீப்புக்கு அடியில் சாக்கை விரித்து மல்லாந்து கிடந்தேன். உள்ளே சொம்பு வைக்கிற சத்தம், பெரியவர்கள் பேசுகிற சத்தம், நடுவில் ஒரு சிரிப்பு. வெயில் ஏறியது. பேச்சு முடிந்து எல்லாரும் வெளியே வந்தபோது எனக்குத் தெரிந்தது செருப்புகள்தான். அவற்றில் ஒரு ஜோடி, புதுத் தோல், என் தலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"அடியில ஆரு?"

"மெக்கானிக்கு" என்றான் நண்பன்.

 தலைக்கு மேலே ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு நட்டில் ஸ்பேனரை மாட்டி, இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.